பவுசருக்காகக் கை தூக்கிய சனிக்கிழமை

பிரதேச சபை மண்டபத்தின் முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு எழுத மனம் வராது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா ஒரு நாளும் போகவில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர்; நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துபோனார். அண்ணன் எனக்காகவே எட்டாம் வகுப்போடு நின்று, கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். நான் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் போய், இப்போது பதுளைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன், எழுதுவேன். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்து ஞாயிறு திரும்புவேன்.

வீடு என்பது தகரத்தில் கட்டியது. நாங்கள் இருபத்திரண்டு குடும்பங்கள். ஒரு மழைக்காலத்தில், நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதைக் கேட்ட பிறகு, எங்கள் பக்கத்தில் வெடிப்பைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை. அன்றைக்கே சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மேலே தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் தகர வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு என்று சொன்னார்கள். அண்ணன் கல்யாணம் முடித்து அண்ணியைக் கூட்டி வந்ததே அந்தத் தகர வீட்டுக்குத்தான்.

அங்கே தண்ணீர் இல்லை. மலை ஊற்றிலிருந்து தண்ணீர் விழும் பீலி, பழைய லயத்துப் பக்கம், பள்ளத்தில் இருந்தது. இறங்கப் பத்து நிமிடம், குடத்தோடு ஏற அரை மணி நேரம். மழை பெய்தால் அந்தப் பாதை எண்ணெய் தடவியது போல் ஆகிவிடும். தோட்ட நிர்வாகம், நீங்கள் இப்போது எங்கள் லயத்தில் இல்லை, சபையைக் கேளுங்கள் என்றது. சபை, நீங்கள் சோலை வரி கட்டுபவர்கள் இல்லையே என்றது. வீடு சொந்தப் பெயரில் இருந்தால்தானே அந்த வீட்டு வரியைக் கட்டலாம். எங்களில் யாருக்கும் எந்தக் காலத்திலும் ஒரு வீடு தன் பெயரில் இருந்ததில்லை. எப்படியோ, பலமுறை கேட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் சபையின் பவுசர், தண்ணீர்த் தாங்கி லொறி, மைதானத்துக்கு வரத் தொடங்கியது. தூரத்தில் ஹார்ன் கேட்டவுடனேயே பெண்கள் நீலப் பிளாஸ்டிக் பெரல்களை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிடுவார்கள்.

அந்தச் சபைக் கூட்டம் நடந்த சமயம் அண்ணி ஆறு மாதம். முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இந்த முறை மருத்துவமாது வீட்டுக்கே வந்து, பாரம் தூக்கக் கூடாது, மேடு பள்ளம் ஏறி இறங்கக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா விடிந்ததும் தோட்டத்தில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்துவிட்டு, கொழுந்தெடுத்து மாலைதான் மலையிலிருந்து திரும்புவாள். அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை வருவான். ஆக, அண்ணிக்கும் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் அந்தப் பவுசர்தான் துணை.

அந்தச் சமயத்தில்தான் சபை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கப்போவதாக அறிவித்தது. பணம் போதவில்லை. ஒன்று, டவுனில் சோலை வரியைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் சில செலவுகளை வெட்ட வேண்டும். வெட்டக்கூடியவை என்று போட்டிருந்த பட்டியலில் தெருவிளக்குகள் இருந்தன, நூலகத்துப் பத்திரிகைகள் இருந்தன, எங்கள் பவுசரும் இருந்தது. அறிவித்தலைத் தபால் கந்தோர் சுவரில் பார்த்தேன். சிங்களத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவள் நான் என்பதில் அந்தக் கவலைக்கு நடுவிலும் எனக்கு ஒரு சிறு குளிர்ச்சி இருந்தது.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு மைதானத்தில் எல்லோரையும் கூட்டினேன். வழக்கமாக இப்படிக் கூட்டுவது எங்கள் சங்கத் தலைவர். அவர் ஒன்றைச் சொல்லி, "சரிதானே?" என்று கையைத் தூக்குவார். எல்லோரும் தூக்குவார்கள். வேலைநிறுத்தம் என்றாலும் திருவிழாச் சந்தா என்றாலும் அப்படித்தான். ஆளுக்கொரு கேள்வி கேட்டால் ஒற்றுமை போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அப்படிச் சேர்ந்து தூக்கியதால்தான் சில விஷயங்கள் கிடைத்தும் இருக்கின்றன. அன்று தலைவர் எனக்கு இடம் விட்டு ஓரமாக நின்றார்.

"இனிமே ஒங்க காலம், டீச்சர். நமக்கு சிங்களம் கடைக்குப் போய் சாமான் வாங்குற அளவுதான்."

நான் சொன்னேன்: "அங்க எல்லாம் சிங்களத்துலதான் நடக்கும். நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். நான் முன்னுக்கு இருப்பேன். என்னயப் பாத்துக்கிட்டே இருங்க. நான் கை தூக்குனா நீங்களும் தூக்குங்க."

அடுத்த வீட்டு மாமிக்கு நாக்கு கொஞ்சம் கூர்மை. "எதுக்குத் தூக்குறோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நாங்களும் தெரிஞ்சுக்குவோமே, டீச்சரம்மா?"

"சொன்னா கொழப்பமாயிரும் மாமி. மூணு நாலு விசயம் வரும்."

"ஆமாடி, எங்களுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாது. கொழுந்து மட்டும் கிலோ கிலோவா நிறுத்துக் குடுப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "விடுங்க மதினி. படிச்ச புள்ள சொல்றா, கேட்டாத்தான் என்ன?"

நானும் சிரித்தேன். பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் போதும். அன்று என்னிடம் பகல் முழுவதும் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது. இதை நான் அப்போது அறியவில்லை என்று சொன்னால் பொய்.

சனிக்கிழமை வீட்டுக்கு ஒருவராக, ஒரு நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு பேர், அம்மாவும் அண்ணியும். அம்மா கோயில் சேலை கட்டியிருந்தாள். அண்ணியை வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "எனக்காகத்தானே இவ்வளவு பேரு வர்றாங்க, நான் வீட்டுல படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

மண்டப வாசலில் ஒரு ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் நின்றார். டவுனிலேயே வீடு கட்டி இருந்துவிட்டவர்; எனக்கு முன்பே பழக்கம். எங்கள் ஆட்களைச் சபைக்காரர்கள் பின்வரிசைகளுக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, மொழிபெயர்க்கிறதுக்கு ஆள் இல்லையாம். நான் உங்கட ஆக்களோட பின்னுக்கு இருந்து சொல்லிக் குடுக்கட்டே?"

"தேவையில்ல சேர். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு முன்வரிசைக்குப் போனார். நானும் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டவுன்காரர்கள் கெட்டவர்கள் என்று இதை வாசிக்கிற யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பெண் எழுந்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுவதற்காகக் கடன் வாங்கி வீட்டைப் பெருப்பித்ததாகவும், அறைகள் காலியாகக் கிடக்கும்போது வரியையும் கூட்டினால் வீட்டையே விற்க வேண்டிவரும் என்றும் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு முதியவர், தெருவிளக்கை நிறுத்தினால் தான் தினமும் மருந்தெடுத்து வரும் வழியில் விழுந்து சாவது நிச்சயம், அந்தச் செலவையும் சபைதான் ஏற்க வேண்டும் என்றார். மண்டபம் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த கடைக்கார முஸ்லிம் நானா எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப கட்டுற வரிக்கே அழுக்குத் தண்ணி ஓடுற கான் கிளீன் பண்ண ஆளில்ல. இதுல நாய்க்கும் லைசன் எடுக்கணுமாம். எங்கூட்டு நாய் என்னமோ சபைக்குக் காவல் கெடக்குற மாதிரி."

கூட்டத்தை நடத்திய சபைத் தவிசாளர் ஒவ்வொன்றாக வாசித்து, உடன்படுகிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். வரியைக் கூட்டுவதற்கு நாலைந்து கைகள்தான் உயர்ந்தன. தெருவிளக்குகளைக் குறைப்பதற்கும் அவ்வளவுதான். அப்புறம் அவர் மூன்றாவதை வாசித்தார். சோலை வரி எல்லைக்கு வெளியே வழங்கப்படும் சேவைகளை நிறுத்துவதற்கு உடன்படுகிறவர்கள் யார்?

பவுசர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அது பவுசர்தான் என்பது இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்ல வேண்டும், ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பின்வரிசையில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையை இடைமறித்துப் பேச விரும்பினால் கையை உயர்த்துவோம். அந்தப் பழக்கத்தில் என் வலது கை மேலே போனது.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் உயரமாக அம்மாவின் கை. அண்ணி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கியிருந்தாள். தலைவர், மாமி, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபை எழுதுவினைஞர் பேனாவால் வரிசை வரிசையாகச் சுட்டி எண்ணிக்கொண்டு வந்தார். நான் கையைக் கீழே போட்டேன். அவர்களும் போட்டார்கள். அதற்குள் அவர் எண்ணி முடித்திருந்தார்.

தவிசாளரின் முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்து மக்களே முன்வந்து விட்டுக்கொடுக்கிறார்கள், நாம் எல்லோரும் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மண்டபம் கை தட்டியது. பின்வரிசையிலும் கை தட்டினார்கள். தங்களுக்காகத்தான் தட்டுகிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்திருந்தது.

"ஆசிரியை ஏதும் சொல்ல விரும்புகிறாரா?" என்று தவிசாளர் கேட்டார்.

எழுந்தேன். நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வாக்கியம். அவர்களுக்குச் சிங்களம் விளங்காது. நான் தூக்கச் சொன்னதால் தூக்கினார்கள். அந்த இரண்டு வாக்கியமும் என் வாயில் வரவில்லை. எதற்கென்று தெரியாமலே கை தூக்குகிற கூட்டம் என்று எங்கள் ஆட்களை, இத்தனை பேர் முன்னால், என் வாயால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதைவிட, அவர்களை அப்படி ஆக்கிக் கூட்டி வந்தவள் நான் என்று எப்படிச் சொல்வது? ஆகவே, ஒரு வாரமாகத் தயாரித்து வைத்திருந்த என் பேச்சைப் பேசினேன். குடிநீர் மனிதரின் உரிமை என்று தொடங்கி, பவுசரை நிறுத்தக் கூடாது என்று முடித்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதற்கும் கை தட்டினார்கள்.

வெளியே வந்தபோது யாழ்ப்பாணத்து ஆசிரியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வாரும். என்ன நடந்தது? நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிப்போட்டு, பிறகு நீர் எழும்பி நிறுத்தாதேங்கோ எண்டு கதைக்கிறீர்."

நான் பஸ் நிற்கிற பக்கம் திரும்பினேன்.

"அவைக்கு விளங்கேல்லை, என்ன? உம்மைப் பார்த்துத் தூக்கினவை. செயலாளர் எனக்குத் தெரிஞ்சவர்தான், உள்ளுக்குத்தான் நிக்கிறார். நான் போய்ச் சொல்லட்டே? இப்பவே சொன்னா எண்ணினதை வெட்டிப்போடுவினம்."

"வேணாம் சேர்" என்றேன். "அவங்களுக்கு வெளங்கித்தான் தூக்குனாங்க. அந்த விசயத்தப் பத்திப் பேசணும்னுதான் தூக்குனாங்க."

அவர் கக்கத்திலிருந்த குடையை எடுத்தார். "சரி, நீர் படிச்சனீர். உமக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் எல்லோரும் குஷியாக இருந்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஏறிய ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். "எம்புள்ள எந்திரிச்சு நின்னு பேசுனதும் தொரமாரெல்லாம் கை தட்டுறாங்க. நோட்டீசு கூடப் பாக்காமப் பேசுனாளே!"

மாமி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப பவுசரு வரும்தானே, டீச்சரம்மா?"

"வரும் மாமி" என்றேன்.

அடுத்த வாரமே சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கைகள் உடன்பாட்டுக்காக உயர்ந்தவை அல்ல என்று எழுதினேன். ஏன் உயர்ந்தன என்பதை மட்டும் சுற்றி வளைத்து, நாகரிகமாக, ஒருவருக்கும் பிடிபடாதபடி எழுதியிருந்தேன். கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. பிறகு அலுவலகத்தில் வரவு செலவுத் திட்டத்தின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் பவுசருக்கு நேரே, பயன்பெறும் மக்களும் கூட்டத்தில் உடன்பட்டனர் என்று எழுதியிருந்தது. அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தார்கள்.

வருடம் பிறந்ததும் பவுசர் நின்றது. செவ்வாய்க்கிழமை பெரல்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் வெயில் ஏறும்வரை காத்திருந்தார்களாம். வியாழக்கிழமையும் வைத்தார்களாம். நான் அப்போது பாடசாலையில் இருந்தேன். போனில் அம்மாதான் சொன்னாள். "ரோட்டுல ஏதோ வேல போல. ஒனக்குத் தெரியாம நிப்பாட்ட மாட்டாங்கதானே?"

அம்மா பெரட்டுக்கு முன்னால் ஒரு நடை, மலையிலிருந்து வந்து ஒரு நடை என்று பீலிக்குப் போய் வந்தாள். மாமி தன் குடத்தில் பாதியை அண்ணியின் பெரலில் ஊற்றிவிட்டுப் போவார். சனி ஞாயிறுகளில் நான் சுமந்தேன். யாரும் அண்ணியைப் போகச் சொல்லவில்லை. ஆனால் முழங்கால் வீங்கிய மாமியார் தனக்காக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு எந்த மருமகள் சும்மா இருப்பாள்? சின்னக் கேன்தானே, ஒரு நடைதானே என்று யாருக்கும் சொல்லாமல் போயிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, பல நாள். ஒரு புதன்கிழமை, மழைத் தூறலில், பாதி மேட்டில் வலி வந்து உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கண்டு கம்பளியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில், மாதம் நிறையாமலே, குழந்தை அன்று மாலையே பிறந்தது. பெண் குழந்தை. நான் பாடசாலையிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அண்ணனுடைய நெற்றி. மறுநாள் மத்தியானம்வரை இருந்தது. அண்ணன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது மூன்று மணி.

தண்ணீர் தூக்கியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில நாட்கள் தூங்கினேன். பிறகு அதுவும் உதவவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டில் அண்ணியும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தவிசாளர் வாசித்தது என்ன, நான் கையைத் தூக்கியது எதற்கு, யாழ்ப்பாணத்து ஆசிரியர் திருத்துகிறேன் என்று சொன்னபோது நான் சொன்ன பதில், ஒன்றையும் விடவில்லை.

அண்ணி சுளகை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் புடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்த வாத்தியாரு சொல்றேன்னு சொன்னாரா?"

"ஆமா அண்ணி."

"நீ வேணாம்னியா?"

"ஆமா."

என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். திட்ட வேண்டும் என்று இருந்தேன். அவள் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் தகரம் டொக் டொக்கென்று சத்தம் போட்டது.

"ஒங்கண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் கடைசியில். "அத்தகிட்ட மட்டும் சொல்லிறாத. அவங்க இன்னமும் அந்தக் கூட்டத்துல நீ பேசுனதத்தான் மலையில எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. புள்ள செத்த பொறகும் அத மட்டும் விடல. அதையும் புடுங்கிட்டா அவங்க ஒடஞ்சுருவாங்க."

"என்னால எப்படி அண்ணி..."

"நீ பேசாத." குரல் உயரவில்லை. "நீ பேசுனது போதும்."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி கழுவப் பெரலின் மூடியைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் இருந்தது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, என்னை விலக்கிவிட்டு, பள்ளத்துப் பாதையில் இறங்கிப் போனாள்.